தபாலில் வந்த உபுண்டு

லினக்ஸ் எண்டாலே கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற ஆக்களின் விசயம் என்ற நினைப்பு எங்களில் கனபேருக்கு இன்னும் இருக்கு. அதைப் பெரிய அளவில் அசைத்தது 2004 ஒக்டோபர் 20 இல் வெளிவந்த உபுண்டு 4.10. எண்ணில் மர்மமில்லை: ஆண்டும் மாதமும்தான். செல்லப்பெயர் ‘வார்ட்டி வார்ட்ஹொக்’, அதாவது மருப்பிடித்த ஆபிரிக்கக் காட்டுப்பன்றி. வடிவான பெயர் எண்டு சொல்லேலாது.

காசு போட்டவர் தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த். தன் நிறுவனத்தை 1999 இல் விற்று, 2002 இல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய் வந்த மனிசன். அத்திவாரம் மட்டும் அவருடையதல்ல. 1993 இல் இயன் மேர்டொக் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்த டெபியன் அது. டெபியனின் 3.0 பதிப்புக்கும் 3.1 க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று வருசம் ஓடிவிட்டது. உபுண்டுவோ ஆறு மாதத்துக்கு ஒருக்கா புதுப் பதிப்பு எண்டு நாள் குறித்தது; ஒரு வேலைக்கு ஒரு செயலி என்று பொறுக்கி, எல்லாவற்றையும் ஒரே இறுவட்டுக்குள் அடக்கியது.

அந்த இறுவட்டைக் கேட்டால் வீட்டுக்கே அனுப்பினார்கள். தபால் செலவும் இல்லை. டயல்-அப் இணைப்பில் ஓர் இறுவட்டு அளவைத் தரவிறக்க ஒரு நாளுக்கு மேல் பிடித்த காலம் அது. எங்களைக் கேட்டால், உபுண்டுவின் ‘இலகு’ திரையில் தொடங்கவில்லை, தபாலுறையில் தொடங்கியது.

ஆனால் எது இலகு எண்டு ஆர் தீர்மானிப்பது? 2011 ஏப்ரலில் இலவச இறுவட்டுத் திட்டம் நின்றது. அதே மாதம் வந்த 11.04, பழகின க்னோம் முகப்பை மாற்றி யூனிட்டியை வைத்தது. 2012 இல் 12.10 இன்னும் ஒருபடி போனது: சொந்தக் கணினியில் கோப்புத் தேடினாலும் அமேசன் பொருட்கள் எட்டிப் பார்த்தன. ரிச்சர்ட் ஸ்டோல்மன் அதை உளவு மென்பொருள் என்றே சொன்னார். 2016 இல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்டது; 2017 இல் க்னோம் திரும்பி வந்தது.

அதுவரைக்கும் எல்லாரும் பொறுத்திருக்கவில்லை. டெபியனை எடுத்து உபுண்டு செய்ததுபோல, உபுண்டுவை எடுத்து 2006 இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய லினக்ஸ் மின்ட் இருந்தது. பழைய பாணி மெனு வேணும் என்றவர்களுக்காக அவர்கள் சினமன் முகப்பை உருவாக்கினார்கள். உரிமம் அதுக்கு இடம் கொடுத்தது. ஆரிட்டயும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நாளைக்கு உபுண்டுவே இல்லாமல் போனால்? அதற்கும் டெபியனில் நேரடியாக நிற்கிற தனிப் பதிப்பொன்றை மின்ட் வைத்திருக்கிறது.