ஒன்பது ஓட்டை ஜீப்

போன மாசம் சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். பழைய மிலிட்டரி வண்டிகளைத் தேடிப் பிடிச்சு, அசல் மாதிரியே சரிபண்ணி ஓட்டுறவர். எங்க மாட்டுக்கொட்டகை ஓரமா நிக்கிற ஜீப்பைப் பார்க்கத்தான் போளூர் வரைக்கும் வந்தார். காபிகூடக் குடிக்கல. நேரா போய் முன்னாடி கிரில்லில் இருக்கிற நீள ஓட்டைகளை விரல் வைத்து எண்ணினார். ஒன்பது. அப்புறம் வெள்ளைச் சட்டையோட வண்டிக்கு அடியில் படுத்துட்டார். எழுந்து வந்து, "இது ஃபோர்டுங்க" என்றார்.

அப்பாவுக்குக் கோபம். "வில்லிஸ்னுதான் எங்க அப்பா சொல்வாரு."

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணும்னு கேட்டது. முதல் மாதிரியைச் செய்தது பாண்டம் என்ற சின்ன கம்பெனி. அவர்களால் ஆயிரக்கணக்கில் செய்துதள்ள முடியாது என்பதால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. அதுவும் போதாமல், அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டும் செய்தது. 1945 வரைக்கும் இரண்டும் சேர்ந்து சுமார் 6.4 லட்சம் ஜீப். மேலே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். வித்தியாசம் அடியில் இருக்கு. முன்பக்கம் சேஸை இணைக்கிற குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்து வைத்த தொட்டி மாதிரி இருக்கும். ஃபோர்டு தன் போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று அடித்து வைத்தது. எங்க வண்டியில் அப்படி ஒரே ஒரு போல்ட்தான் மிச்சம். ஒன்பது ஓட்டை இருந்தால் போர்க்கால வண்டி, போருக்கு அப்புறம் பொதுஜனத்துக்கு வந்தது ஏழு ஓட்டை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிஞ்சது.

போர் முடிஞ்சப்போ பர்மா எல்லையிலும் அஸ்ஸாமிலும் ராணுவக் கிடங்குகளிலும் வண்டிகள் குவிஞ்சு கிடந்தன. கப்பல் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோவதில் லாபமில்லை. 1946 மே மாதம் அமெரிக்காவும் இந்தியாவும் போட்ட கணக்குத் தீர்ப்பு ஒப்பந்தத்தில், இங்கே கிடந்த அமெரிக்க உபரிச் சாமான்கள் இந்திய அரசு கைக்கு வந்தன. அதெல்லாம் ஏலத்துக்குப் போச்சு. 'டிஸ்போசல் ஜீப்' என்கிற பேர் அப்படி வந்ததுதான். மஹிந்திரா பம்பாயில் ஜீப் பூட்ட ஆரம்பித்தது 1940-களின் கடைசியில். அதுவரைக்கும் ஜீப் என்றாலே டிஸ்போசல்தான்.

வேலூரில் ஒரு கான்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்ததை, 1950-இல் தாத்தா வாங்கினார். என்ன விலை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு சொல்வாங்க. வாங்கிய காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்: ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை, புளி, பலா எல்லாம் தலைச்சுமையாக இறங்கிக்கொண்டிருந்த காலம். ஜீப் பாதி தூரமாவது ஏறும். மல்லாட்டை மூட்டையும் ஏற்றினோம், ஆரணிக்குப் பட்டு நெசவு பாவு கொண்டுபோனோம், பிரசவ வலி வந்தவங்களையும் இறக்கினோம். இடதுபக்கம் பட்டாளத்து மண்வாரியும் கோடரியும் மாட்டுற கொக்கி இருக்கும். அதில் எங்க மண்வெட்டி தொங்கியது.

சரி, ஸ்பேர் இல்லாத இந்த வண்டி எப்படித் தாங்குச்சு? எங்க ஜில்லா பழைய வடஆற்காடு. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஜில்லா. கண்ணமங்கலம் தாண்டி, கணியம்பாடி பக்கம் இருக்கிற கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பேர். இதே ஜீப்பை பட்டாளத்தில் ஓட்டி, பிரிச்சுப் பூட்டினவங்க பென்ஷனோடு ஊர் திரும்பினாங்க. ஹெட்லைட்டை மடக்கித் திருப்பினால் வெளிச்சம் இன்ஜின் மேல் விழும், ராத்திரியில் ரிப்பேர் பார்க்கலாம் என்று தாத்தாவுக்குக் காட்டியவர் அப்படி வந்த ஒரு சுபேதார்தான். ஆறு மாசம் அந்த வசதி தெரியாமலே ஓட்டியிருக்கார்!

ஆனால் 1973-க்கு அப்புறம் பெட்ரோல் விலை ஏறுச்சு. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பாடியும் துருவேறி உதிர, 1979-இல் போளூர் பட்டறையில் தகடு வெட்டி புதுசா அடிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இன்ஜினையும் கழற்றி மஹிந்திரா டீசல் வச்சாங்க. நாடு முழுக்க இதே கதைதான். பஞ்சாப்–ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊரே பட்டாளத்து ஜீப்பைப் பிரிச்சு, மாற்றிக் கட்டுறதுக்குப் பேர்போனது.

சென்னைக்காரர் சொன்ன விலையில் ஒரு போர் போட்டு மோட்டாரும் இறக்கலாம். எனக்கு ஆசை வராமலில்லை. வாங்கினால் என்ன செய்வீங்க என்று கேட்டேன். டீசல் இன்ஜினைக் கழற்றணும், பட்டறைப் பாடியைத் தூக்கணும். பிலிப்பைன்ஸில் அச்சு அசலா புதுப் பாடி அடிச்சு விக்கிறாங்களாம், அதை வரவழைக்கணும். வேடிக்கை என்னன்னா, அதே பிலிப்பைன்ஸ்காரங்கதான் அமெரிக்கா விட்டுப்போன ஜீப்பை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் பூசி 'ஜீப்னி' ஆக்கினாங்க. மாற்றிய வண்டிதான் அவங்களுக்குப் பெருமை.

நம்ம சட்டம் வேற மாதிரி. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான் 'விண்டேஜ்'. தனி நம்பர் கிடைக்கும். ஆனால் கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, எண்ணெய் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். மூட்டை ஏற்றக் கூடாது. எங்க ஜீப் அதில் சேராது. மாற்றாமல் இருந்திருந்தால் 1980-லேயே காயலான் கடைக்குப் போயிருக்கும். மாற்றியதால் பாரம்பரியம் இல்லை. அவரிடம் இதைச் சொன்னேன். "நியாயம்தான், ஆனா உள்ளே இருக்கிற 1944 யாருக்கும் தெரியாமலே போயிடுமே" என்றார். அதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியல.

அப்பா வண்டியைக் கொடுக்கல. அந்த ஒற்றை 'எஃப்' போல்டைப் போட்டோ எடுத்துக்கிட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். அத்திமூர் ரோட்டில் போனோம். ஸ்டீயரிங் இன்னும் இடதுபக்கம்தான். முன்னாடி கரும்பு லாரி. எதிரே என்ன வருதுன்னு அவருக்குத் தெரியாது. வலதுபக்கம் உட்கார்ந்திருந்த அப்பா தலையை வெளியே நீட்டிப் பார்த்துட்டு, "பொறு தம்பி, பஸ் வருது... ம், இப்போ வா வா" என்றார்.