ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கு எவ்வளவு சரி? உடற்பயிற்சியில் செலவாகும் ஆற்றலை அளப்பது எப்படி?

புதுடெல்லி: காலை நடைப்பயிற்சியை முடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்போருக்கு, நடந்த தொலைவைவிட 'எரிக்கப்பட்ட கலோரி' என்ற எண்ணே முதலில் கண்ணில் படுகிறது. அது 300 என்று காட்டினால், ஈடாகச் சிற்றுண்டியில் இரண்டு பூரி கூடுதலாகச் சாப்பிடலாம் எனக் கணக்குப் போடுவோரும் உண்டு. ஆனால், அந்த எண் உடலில் இருந்து நேரடியாக அளக்கப்பட்டது அன்று. இதயத் துடிப்பு, கை அசைவு, வயது, எடை ஆகியவற்றைக் கொண்டு கருவி செய்யும் ஊகம் அது. ஊகம் நாள்தோறும் 100 கலோரி மிகையாக இருந்து, அதை நம்பி அவ்வளவும் கூடுதலாக உண்டால், கணக்குப்படி 77 நாள்களில் 7,700 கலோரி சேர்ந்துவிடும். ஏறத்தாழ ஒரு கிலோ உடல் கொழுப்பில் அடங்கியுள்ள ஆற்றல் இது.

உணவுப் பொட்டலத்திலும் கடிகாரத்திலும் கலோரி என்று குறிக்கப்படுவது உண்மையில் கிலோ கலோரி ஆகும். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே அது. 4.184 கிலோஜூலுக்குச் சமம். இக்கட்டுரையிலும் வழக்கப்படி கலோரி என்றே குறிப்பிடப்படுகிறது.

மூச்சில் இருக்கிறது கணக்கு

உடல் செலவிடும் ஆற்றல் இறுதியில் வெப்பமாக வெளியேறுகிறது. 1780களில் பிரான்ஸ் நாட்டு அறிஞர்கள் லவாய்சியரும் லாப்லாசும், பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் கினிப் பன்றியை வைத்து, உருகிய பனியின் அளவைக் கொண்டு அதன் உடல் வெப்பத்தைக் கணக்கிட்டனர். மனிதர் தங்கக்கூடிய அறையையே வெப்பமானியாக மாற்றும் முயற்சி, 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் தலைமையில் நடைபெற்றது.

இன்று ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் மூச்சையே அளக்கின்றன. உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, கொழுப்பு எரிந்தால் ஏறத்தாழ 4.7 கலோரியும், மாவுச்சத்து எரிந்தால் ஏறத்தாழ 5 கலோரியும் வெளிப்படுகின்றன. எந்த எரிபொருள் எவ்வளவு எரிகிறது என்பதை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். முகமூடி அணிந்து டிரெட்மில்லிலோ மிதிவண்டிக் கருவியிலோ பயிற்சி செய்யும் இந்தச் சோதனை, விளையாட்டு வீரர்களுக்கும் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் செய்யப்படுகிறது. கடிகாரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் உரைகல்லும் இதுவே.

ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கன ஐசோடோப்புகள் கலந்த நீரைப் பருகச் செய்து, சிறுநீரில் அவை குறையும் வேகத்தை அளக்கும் முறையும் உள்ளது. அன்றாட வாழ்வில் ஒருவர் செலவிடும் மொத்த ஆற்றலுக்கு அது மிகத் துல்லியமானது. ஆனால், ஒன்றிரண்டு வாரங்களின் கூட்டுத்தொகையைத்தான் தரும். இன்று காலை ஓடிய அரைமணி நேரத்தைத் தனியே பிரித்துச் சொல்லாது.

கடிகாரம் தடுமாறும் இடங்கள்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 தன்னார்வலர்களைக் கொண்டு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து, 2017-ம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். இதயத் துடிப்பை அளப்பதில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது. மிக மோசமான கருவியின் பிழை 93 சதவீதம். அந்த மாதிரிகள் இன்று பழையவை. எனினும் நாடித் துடிப்பை நன்றாக எண்ணும் கருவி, கலோரியைச் சரியாகச் சொல்லும் என்று பொருள் இல்லை என்பதை அந்த ஆய்வு தெளிவாக்கியது.

காரணம் எளிது. மிதமான உழைப்பில் இதயத் துடிப்பும் ஆக்சிஜன் பயன்பாடும் சேர்ந்தே உயர்கின்றன. ஆனால் துடிப்பை உயர்த்துவது உழைப்பு மட்டும் அன்று. மே மாத வெயிலிலோ கடலோர நகரங்களின் புழுக்கத்திலோ நடப்பவருக்கு, உடலைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும். நீர்ச்சத்துக் குறைவும் பதற்றமும் அதையே செய்யும். கடிகாரம் இவற்றையும் உழைப்பாகவே எண்ணிக்கொள்கிறது. மாறாக, ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்குத் துடிப்பு அடக்கப்படுவதால், உழைப்பைக் கருவி குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு. கை அசைவை நம்பும் கணக்கும் இப்படித்தான். கைப்பிடியை இறுகப் பற்றி மிதிவண்டி ஓட்டுபவரின் கை அசைவதில்லை. தலையில் சுமை தூக்கிச் செல்பவரின் கடிகாரத்துக்குச் சுமை தெரியாது. (வியர்வையைக் கொண்டு கலோரியை மதிப்பிடுவது இவை எல்லாவற்றையும்விடத் தவறானது. வியர்த்துக் குறையும் எடை, நீர் பருகியதும் திரும்பிவிடும்.)

தாளும் பேனாவும் போதும்

கருவி இல்லாமலே ஓரளவு சரியான மதிப்பைப் பெற முடியும். சமதளத்தில் ஓடுபவர், வேகம் எதுவாயினும், கிலோமீட்டருக்குத் தம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி வீதம் செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி. கடிகாரம் 500 என்று காட்டினால் ஐயப்படுவதே முறை.

மற்றப் பயிற்சிகளுக்கு 'மெட்' என்ற அலகு உதவுகிறது. சும்மா அமர்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றல் 1 மெட். அதாவது கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 1993-ல் முதன்முதலாக வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்ட உடல் செயல்பாடுகளின் தொகுப்பு, நூற்றுக்கணக்கான செயல்களுக்கு மெட் மதிப்பைத் தருகிறது. அதன் 2011 பதிப்பில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேக நடைக்கு 3.5, சூரிய நமஸ்காரத்துக்கு 3.3 என உள்ளது. 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் நடந்தால், 3.5-ஐ 65-ஆலும் 0.5-ஆலும் பெருக்க, 114 கலோரி கிடைக்கிறது.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். அந்த அரைமணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் சுமார் 33 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே நடையால் கிடைத்த நிகர லாபம் 81 கலோரி மட்டுமே. கிராமுக்கு 9 கலோரி தரும் சமையல் எண்ணெயில் இது 9 கிராம். சுமார் இரண்டு தேக்கரண்டி. நாள் முழுவதற்குமான அடிப்படைத் தேவையுடன் 114-ஐயும் கூட்டுவோர், அந்த 33-ஐ இருமுறை எண்ணுகின்றனர். சில கடிகாரங்கள் மொத்தக் கலோரி, செயல்பாட்டுக் கலோரி என இரண்டையும் தனித்தனியே காட்டும். நிகர லாபத்துக்கு நெருக்கமானது இரண்டாவதுதான்.

இந்தியர்களுக்கு மேலும் ஒரு எச்சரிக்கை தேவை. உலகளவில் வழங்கும் சூத்திரங்கள் இந்தியர்களின் அடிப்படை ஆற்றல் செலவை மிகைப்படுத்துவதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் பரிந்துரைகளில் அதைக் குறைத்தே கணக்கிட்டு வந்துள்ளது. வெளிநாட்டுச் செயலிகள் இதைக் கருத்தில் கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

மிதிவண்டிக்குத் தனி இடம்

உடற்பயிற்சிகளில் மிக நம்பகமாக அளக்கத்தக்கது மிதிவண்டி ஓட்டுதல். மிதிகட்டையில் பொருத்தும் திறன்மானி, கால் செலுத்தும் விசையை நேரடியாக அளந்து வாட் கணக்கில் காட்டுகிறது. 150 வாட் திறனில் ஒரு மணி நேரம் மிதித்தால் செய்யப்பட்ட வேலை 540 கிலோஜூல். மனித உடலோ, தான் எரிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தையே மிதிக்கு அனுப்புகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. எனவே உண்மைச் செலவு 516 முதல் 645 கலோரிக்குள் இருக்கும். வேலையின் கிலோஜூல் எண்ணையே கலோரியாகக் கொள்ளலாம் என்ற மிதிவண்டி வீரர்களின் குறுக்குவழி, இந்த வரம்புக்குள் சரியாகவே பொருந்துகிறது.

டிரெட்மில்லில் வேகமும் சாய்வும் திட்டமாகத் தெரிவதால், எடையைச் சரியாகப் பதிவு செய்தால் கணக்கு ஓரளவு பொருந்தும். மேற்கண்ட 65 கிலோ நபர் அதே வேகத்தில் 5 சதவீதச் சாய்வில் நடந்தால், அரைமணி நேரத்துக்கு 114 என்பது சுமார் 188 ஆக உயரும். ஆனால் பக்கக் கம்பியைப் பிடித்துச் சாய்ந்துகொண்டே நடந்தால், எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிவிடும். திரையில் எண் மட்டும் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும்.

வீட்டில் பயன்படுத்துவோர், எடை மாறும்போதெல்லாம் கருவியில் திருத்துவதும், துடிப்பை மார்புப் பட்டையால் அளப்பதும் பிழையைக் குறைக்கும். ஒரே கருவியில், ஒரே பயிற்சியில், நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் அந்த எண் பயன்தரும். நண்பரின் வேறு கருவியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. மூன்று, நான்கு வாரங்கள் உணவையும் எடையையும் குறித்துவந்தால், கடிகாரம் மிகைப்படுத்துகிறதா என்பதை எடைத் தராசே சொல்லிவிடும்.

பீட்டா பிளாக்கர் உட்கொள்வோர், எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பேச்சைக் கவனிக்கலாம். பயிற்சியின்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான உழைப்பு. இன்சுலின் செலுத்திக்கொள்வோர், கடிகாரம் காட்டும் கலோரியை வைத்து மருந்தின் அளவையோ உணவின் அளவையோ தாமாக மாற்றாமல், மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.