காளவாயும் கதிரொளியும்: ஏர்வாடிக் கடற்பவளத்தின் வரலாறு

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், கீழக்கரைக்கு மேற்கே அமைந்துள்ள ஏர்வாடி, தர்காவால் பெரிதும் அறியப்பட்ட ஊராகும். அதன் கடலின் பவளப்பாறைகள் அத்துணை அறியப்படவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் ஏழு, கீழக்கரைத் தொகுதியைச் சார்ந்தவை. ஆனைப்பார் என்னும் தீவுப்பெயரில் வரும் ‘பார்’, கடலடிப் பாறையைக் குறிக்கும் மீனவர் வழக்காகும்.

பவளக்கல் நுண்துளைகள் நிறைந்தது. ஆதலின் எடை குறைவு, வெட்டுதல் எளிது. இதனால் அது கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பின் மூலப்பொருளாகவும் பயன்பட்டது. காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல் கரியமில வாயுவை இழந்து நீறாகிறது. பவள உயிர்கள் பல்லாண்டுகளாகக் கட்டிய துளையமைப்பும் அத்துடன் அழிகிறது. சந்தை விலை சுண்ணாம்புக்கே இருந்தது, வடிவத்திற்கு இல்லை.

1969 சனவரியில் மண்டபத்தில் நடைபெற்ற பவளப்பாறைக் கருத்தரங்கின் கட்டுரைகள் 1972இல் வெளிவந்தபோது, இக்கரையின் கல்லெடுப்பும் பாதுகாப்பும் அவற்றில் ஆராயப்பட்டிருந்தன. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆயினும் கல்லெடுப்பு உடனே நின்றுவிடவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரே பெருமளவு ஓய்ந்தது. அதற்குள் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டித் தீவு கடலுள் அமிழ்ந்திருந்தது.

அழிந்த வடிவத்தின் பயனை அறிவியல் பிற்காலத்திலேயே அளந்தது. பவளத் திசுவினுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவாக்கி, அதன் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. திசுவுக்கு அடியிலுள்ள சுண்ண எலும்புக்கூடு, தன்மேல் விழும் ஒளியைப் பலமுறை சிதறடித்துப் பாசிகளிடம் திருப்பி அனுப்புகிறது. மெக்சிகோ ஆய்வாளர்கள் 2005இல் இதனை நிறுவினர். ஒரே ஒளி பலமுறை பயன்படுவதால், சிறிதளவு நிறமியே போதுமானதாகிறது.

பாசியிலிருந்து எரிபொருள் பெற முயல்வோரின் நெடுநாள் இடர் இங்குதான் உள்ளது. அடர்த்தியாக வளர்க்கும்போது மேற்பாசி கீழ்ப்பாசிக்கு நிழலாகிறது. கேம்பிரிட்ஜ், கலிபோர்னியா (சான் டியேகோ) பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020இல் பவளத்தின் அமைப்பை அளந்து, கூழ்மப்பொருளும் செல்லுலோசு நுண்படிகங்களும் கொண்டு முப்பரிமாண அச்சில் அதனைப் போலச் செய்தனர். அச்செயற்கைப் பவளத்தில் நுண்பாசி, வழக்கமான நீர்ம வளர்ப்பு ஊடகத்தில் உள்ளதைவிட நூறு மடங்கு வரை அடர்ந்து வளர்ந்தது. எரிபொருள் வணிகத்திற்கு இது போதுமா என்பது வேறு வினா. வடிவமே ஒளியைப் பங்கிடும் கருவி என்பது உறுதிப்பட்டது.

அளப்பதற்கு உயிருள்ள பவளம் வேண்டும். கல்லெடுப்பு ஓய்ந்த மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமுற்றது. பாசிகள் வெளியேற, பவளங்கள் வெளிறின. வெளிறி மடிந்த இடங்களில் எலும்புக்கூடு மட்டும் முன்போலவே ஒளியைச் சிதறடித்து நின்றது. அதனைப் பெற்றுக்கொள்ளப் பாசிதான் இல்லை.