பணியிடப் பாலியல் துன்புறுத்தல்: வேலை தேடி வரும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கும் சட்டம்

ஸ்ரீ விஜய புரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முன்னாள் தலைமைச் செயலாளர் ஒருவரை மத்திய உள்துறை அமைச்சகம் 2022 அக்டோபர் 17 அன்று பணியிடை நீக்கம் செய்தது. அரசு வேலை வாங்கித் தருவதாகக் கூறி வரவழைத்துத் தன்னைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதாக இளம்பெண் ஒருவர் அளித்த புகாரே இதற்குக் காரணம். குற்றச்சாட்டை மறுத்த அந்த அதிகாரி, நவம்பர் 10 அன்று கைது செய்யப்பட்டார். 2023 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு அவருக்கு ஜாமீன் வழங்கியது.

இது குற்றவியல் சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கு. எனினும், வேலை அளிக்கும் அதிகாரம் கொண்டவரிடம் வேலை கேட்டு வரும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு உள்ளது என்ற கேள்வியை இது எழுப்பியது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 இதற்கு விடை தருகிறது. 'பாதிக்கப்பட்ட பெண்' என்பவர் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. வேலையில் சலுகை தருவதாக மறைமுகமாக உணர்த்துவதும் துன்புறுத்தலாகக் கருதப்படலாம் என்று சட்டம் கூறுகிறது.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுப் பணியாளர் பன்வாரி தேவி 1992-ல் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். இதையடுத்துத் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை வகுத்தது. அவை சட்டமாக மாற 16 ஆண்டுகள் ஆயின. 2013 டிசம்பர் 9 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது.

புகார் வந்த பின் விசாரிப்பது மட்டுமே முதலாளியின் வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பான பணிச்சூழலை அளிப்பதே முதல் கடமை. வெளியாட்களால் ஏற்படும் தொல்லைக்கும் இது பொருந்தும். தண்டனை விவரங்களையும் புகார் குழு பற்றிய அறிவிப்பையும் அனைவரும் காணும் இடத்தில் வைக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிலரங்குகள் நடத்த வேண்டும். பாதிக்கப்பட்டவர் காவல் துறையை அணுக விரும்பினால் உதவ வேண்டும்.

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும். குழு அமைக்கத் தவறினால் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தவறு மீண்டும் நிகழ்ந்தால் அபராதம் இரட்டிப்பாவதுடன், உரிமமும் ரத்தாகலாம்.

ஊழியர் எண்ணிக்கை 10-க்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே இருந்தாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்கும். இக்குழுவை அமைப்பவர் மாவட்ட அதிகாரி. சிறிய யூனியன் பிரதேசத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நிர்வாகத்தின் உச்சியில் இருப்பவர் மீது புகார் வந்தால், அவருக்குக் கீழ் பணியாற்றும் அதிகாரி அமைத்த குழுவே அதை விசாரிக்க நேரிடலாம். 2022-ல் நடவடிக்கை டெல்லியிலிருந்து வந்ததை இந்தப் பின்னணியிலும் பார்க்க வேண்டியுள்ளது.

இன்னொரு சிக்கல் தூரம். தெற்கு அந்தமான், வடக்கு மற்றும் மத்திய அந்தமான், நிக்கோபார் என மூன்றே மாவட்டங்கள் இருந்தாலும், பல தீவுகளுக்கிடையே கப்பலே பிரதானப் போக்குவரத்து. கிராமப்புற, பழங்குடியினர் பகுதிகளில் வட்டம்தோறும் ஒருங்கிணைப்பு அலுவலர் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி, இத்தகைய இடங்களுக்கு மிகவும் அவசியமானது. பணி நிமித்தமாகச் செல்லும் இடங்களும், முதலாளி ஏற்பாடு செய்யும் போக்குவரத்தும் பணியிடமாகவே கருதப்படும்.

கோவா பல்கலைக்கழகம் தொடர்பான ஆரேலியானோ பெர்னாண்டஸ் வழக்கில், சட்டம் முறையாக அமல்படுத்தப்படவில்லை என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. மாவட்ட அதிகாரிகளை 2024 டிசம்பர் 31-க்குள்ளும், உள்ளூர்க் குழுக்களை 2025 ஜனவரி 31-க்குள்ளும் நியமிக்க அது பின்னர் உத்தரவிட்டது.

சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் கிடைக்கும். எழுத இயலாத பெண்ணுக்குப் புகாரை எழுதித் தர உதவுவது குழுவின் பொறுப்பு.