ஒரே நீரிணை, இரண்டு விதிப்புத்தகங்கள்

செபராங் ஜெயாவில் கார் ஓட்டுகிறவருக்கு, ரவுண்டபவுட்டில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடுவது கைப்பழக்கம். பினாங்கு நீரிணையில் இரண்டு எஞ்சின் படகுகள் குறுக்கிட்டாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். பாய் விரித்துவிட்டால் அது செல்லாது. அங்கே காற்றுதான் நாட்டாமை.

பாய்மரப் படகோட்டிக்கு விதிப்புத்தகங்கள் இரண்டு. 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் ஒன்று. உலகப் பாய்மர அமைப்பு நான்கு ஆண்டுக்கொரு முறை திருத்தும் பந்தய விதிகள் மற்றொன்று. இப்போது நடப்பது 2025–2028 பதிப்பு. அடிப்படை இரண்டிலும் ஒன்றே. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு ஒதுங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் என்றால், காற்று வரும் திசையில் இருப்பது ஒதுங்க வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதை விட்டு விலக வேண்டும்.

வித்தியாசம், வழியுரிமை உள்ளவர் என்ன செய்யலாம் என்பதில் இருக்கிறது. கடல் விதிப்படி அவர் போகிற திசையும் வேகமும் மாறாமல் போக வேண்டும். எதிராளி அதை நம்பித்தான் விலகுகிறார். பந்தயத்திலோ உரிமை ஓர் ஆயுதம். தொடக்கக் கோட்டருகே லேசர் ரகச் சிறு பாய்மரப் படகுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு போகின்றன. காற்று போகும் பக்கத்தில் இருப்பவர் சுக்கானை மெல்லத் தள்ளிக் காற்றை நோக்கித் திரும்புகிறார். காற்று வரும் பக்கத்தில் இருப்பவரும் திரும்பியாக வேண்டும். அவருடைய பாய் படபடத்து வேகம் செத்துவிடுகிறது. இது சட்டப்படி சரி. எதிராளி விலகிக்கொள்ள இடம் கொடுத்துத் திரும்பினால் போதும். கடலில் இதே வேலையைச் செய்பவரைப் பொறுப்பில்லாதவர் என்போம்.

மிதவையைச் சுற்றும்போது கணக்கு இன்னும் நுட்பம். பொதுவாக மூன்று படகு நீளத் தூரம்தான் எல்லை, 4.23 மீட்டர் லேசருக்குச் சுமார் 12.7 மீட்டர். படகுகள் பக்கவாட்டில் ஒட்டியபடி அதற்குள் நுழைந்தால், உட்பக்கத்தில் இருப்பவருக்கு வெளியே இருப்பவர் இடம் விட வேண்டும். கடல் விதிகளில் இப்படி ஒரு மிதவைச் சலுகையே கிடையாது.

பந்தயத்தில் விசில் ஊதும் நடுவர் பெரும்பாலும் அருகில் இருப்பதில்லை. வழியுரிமையை மீறியவர் தானே ஒதுங்கி இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மிதவையை மட்டும் தொட்டிருந்தால் ஒரு சுற்று. என் கண்ணுக்கு இந்த விளையாட்டின் அழகே இதுதான். முடித்துவிட்டவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு இடைஞ்சல் தராமல் விலகிப்போவதும் வெறும் மரியாதையல்ல, எழுதப்பட்ட விதி.

பந்தயத்தில் இல்லாத படகு எதிர்ப்பட்டால் பந்தயப் புத்தகம் மூடிக்கொள்ளும். கடல் விதிதான் பேசும். எஞ்சின் படகு பாய்மரத்துக்கு வழிவிட வேண்டும் என்பதைச் சிலர் சொத்துப் பத்திரம்போல் பிடித்துக்கொள்கிறார்கள். குறுகிய கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்குப் பாய்மரம் குறுக்கே நிற்கக்கூடாது என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கு வரும் கப்பலிடம் உரிமை பேசுவது வீண்.

போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும் ராஜா மூடா போன்ற நெடும் பந்தயங்களில் இரவும் சேர்ந்துகொள்ளும். பந்தய அறிவிப்பு அப்படிச் சொன்னால், இருட்டியபின் போட்டியாளர்களுக்கிடையிலும் கடல் விதிதான். அதில் ஒரு விதி இருட்டுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும்: இடப்பக்கம் காற்று வாங்கும் உங்களுக்கு, காற்று வரும் திசையில் ஒரு பாய்மரம் தெரிகிறது, அது எந்தப் பக்கம் காற்று வாங்குகிறது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், நீங்களே ஒதுங்குங்கள். பந்தய விதிகளில் அப்படி ஒரு வரி இல்லை. எதிராளியின் பாய் நாலு முழத்தில் படபடக்கும்போது அந்தச் சந்தேகம் வர வாய்ப்பில்லை.