யாவாவிலிருந்து வந்த குளவி

தேயிலை வரலாறு என்றதும் துரைமாரின் பெயர்களும் ஏற்றுமதிக் கணக்குகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தலைக்கயிறு நெற்றியில் பதியக் கூடை சுமந்தோரின் வரலாறே இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. இந்நிலையில், ஒரு சிறு குளவியின் வரலாற்றை யார் கேட்கப் போகிறார்கள்? எனினும், திம்புள்ளப் பகுதியில் வாழும் நாம் அதனைக் கேட்டேயாக வேண்டும்.

1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பெற்றது. மலைதோறும் ஒரே பயிர் நின்றமையால், அதனைத் தின்னும் பூச்சிகளுக்கு அது வற்றாத விருந்தாயிற்று. அவற்றுள் ஒன்று டோட்ரிக்ஸ் என்னும் அந்துப்பூச்சி. இதன் புழு இளம் இலைகளை நூலாற் பிணைத்து, அக்கூட்டினுள் மறைந்திருந்து உண்ணும். முட்டைத் தொகுதிகளைக் கையாற் பொறுக்கி அழித்தும் இப்பீடை ஒழியவில்லை.

தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வேறு வழியை நாடியது. மக்ரோசென்ட்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி 1935–36ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து வரவழைக்கப்பட்டு மலைகளில் விடப்பட்டது. இக்குளவி புழுவின் உடலினுள்ளே முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். குளவி பரவியது, பீடை அடங்கியது. உலகில் உயிரியல் முறைப் பீடைக் கட்டுப்பாடு கண்ட சிறந்த வெற்றிகளுள் இதுவும் ஒன்றாகும்.

1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை அழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. வண்டு குறைந்தது. ஆனால், அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் புழு மீண்டும் பெருகியது! காரணம் எளிது. புழு இலைக்கூட்டினுள் ஒளிந்திருந்தது; குளவியோ நஞ்சு படிந்த செடிகளிடையே புழுவைத் தேடித் திரிந்தது. செடியில் நெடுநாள் தங்கிய அந்நஞ்சு பகைவனை விட்டுக் காவலனைக் கொன்றது. தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை என்னும் ஆய்வாளர் இருவர் 1969இல் வெளியிட்ட ஆய்வு, சுள்ளிப் புழுவின் பெருக்கத்துக்கும் டீல்ட்ரினே காரணமெனக் காட்டியது.

வண்டினால் நேர்ந்த இழப்பு பொய்யன்று. அதனை ஒழிக்க முயன்றதும் குற்றமன்று. ஒரு பூச்சியைக் கொல்லுமுன், அதே செடியில் நமக்காக உழைக்கும் பூச்சி எது என்று கேளாததே பிழை.

பூச்சியை மட்டுமா கேளாது விட்டனர்? தோட்டங்களில் நஞ்சு தெளித்தவனும், தெளித்த செடியிற் கொழுந்து பறித்தவளும் நம்மவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற அவர்களிடம், எந்த மருந்தைத் தெளிக்கலாம் என்று எவர் கேட்டிருப்பார்? இலாபக் கணக்கில் குளவிக்கும் இடமில்லை. கூலியாளின் உடல்நலத்துக்கும் இடமில்லை.

2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, உலகம் கைவிட வேண்டிய 12 நஞ்சுகளுள் டீல்ட்ரினையும் சேர்த்தது. ஒரு பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. புதிய பெயர்களில் புதிய புட்டிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு புட்டியும் திறக்கப்படுமுன் இரு கேள்விகள் எழ வேண்டும்: இது எவற்றையெல்லாம் கொல்லும்? இதனைத் தெளிப்பவர் யார்? இவற்றைக் கேட்கும் உரிமையும் துணிவும் நம் மாணவர்க்கு வாய்க்குமானால், அக்குளவியின் வரலாற்றை அவர்களுக்குச் சொன்னது வீண்போகாது.