சண்டை கேமுக்குள் ஒரு காமெடி சீரியல்: ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’ உருவானது எப்படி?

நாலு பக்கமும் மலை, நடுவில் வெறும் பள்ளத்தாக்கு. தலை முதல் கால் வரை கவசம் போட்ட இரண்டு வீரர்கள் காவலுக்கு நிற்கிறார்கள். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் கடவுள், பிரபஞ்சம் என்று பெரிய தத்துவமே பேசிவிடுகிறார். கேட்டவரோ குழம்பிப்போகிறார். அவர் கேட்டது, ‘இந்தப் பள்ளத்தாக்கில் நமக்கு என்ன வேலை?’ என்பதுதான்!

2003 ஏப்ரல் 1-ம் தேதி இணையத்தில் வெளியான ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’ தொடரின் முதல் காட்சி இது. அப்போது யூடியூபே கிடையாது. அது வந்தது 2005-ல்தான்.

கேமரா இல்லாமல் ஷூட்டிங்

இந்தத் தொடரில் நடிகர்கள் முகம் காட்டவில்லை. செட், லைட் எதுவும் இல்லை. 2001-ல் வெளியான ‘ஹேலோ’ என்ற எக்ஸ்பாக்ஸ் கேமுக்குள்ளேயே ஆரம்பகால ஷூட்டிங் நடந்தது. இப்படி கேமுக்குள் படம் எடுப்பதற்குப் பெயர் ‘மஷினிமா’. மெஷின், சினிமா என்ற இரண்டு வார்த்தைகளின் கலவை. 1996-லேயே ‘குவேக்’ கேமை வைத்து ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ என்ற குட்டிப் படம் வந்துவிட்டது. ஆனால் இந்த வகையை ஊரறியச் செய்தது ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’தான்.

எப்படி எடுத்தாங்க?

சில எக்ஸ்பாக்ஸ்களை ஒன்றாக இணைத்து, ஆளுக்கு ஒரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரின் கேரக்டர்தான் கேமரா. அவர் திரையில் தெரிவது அப்படியே பதிவாகும். கேமின் ஸ்கோர் போன்றவை தெரியாமல் இருக்க, மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிடுவார்கள்.

ஹெல்மெட்டுக்குள் வாய் தெரியாதே, யார் பேசுகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேசுபவரின் தலை மட்டும் மேலும் கீழும் ஆடும். அவ்வளவுதான்!

இன்னொரு சிக்கல், கேரக்டர்கள் எப்போதும் துப்பாக்கியை நீட்டியபடியே நிற்பது. அதற்குக் கைகொடுத்தது கேமில் இருந்த ஒரு கோளாறு. கைத்துப்பாக்கியோடு தரையைப் பார்த்தால் துப்பாக்கி கீழே இறங்கும், ஆனால் முகம் நேராகவே இருக்கும்.

சிரிப்பு எங்கிருந்து வருது?

சிவப்பு அணி அங்கே இருப்பதற்குக் காரணம், எதிரே நீல அணி இருப்பது. நீல அணியைக் கேட்டாலும் இதே பதில்தான். சண்டைக்காகவே உருவான கேமில் யாரும் உருப்படியாகச் சண்டை போடுவதில்லை, வெட்டி அரட்டைதான். வேலையே இல்லாத டியூட்டியில் மாட்டிக்கொண்ட யாருக்கும் இந்த காமெடி புரியும்.

கேம் கம்பெனி என்ன செய்தது?

உண்மையான சிக்கல் இங்கேதான். கேமும் கேரக்டர்களும் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தம். அந்த நிறுவனம் நினைத்திருந்தால் தொடரை அப்போதே முடக்கியிருக்கலாம். மாறாக, லைசென்ஸ் கட்டணம் கேட்காமல் அனுமதி கொடுத்தது. ‘ஹேலோ 2’-ல் துப்பாக்கியைத் தாழ்த்தும் வசதியே சேர்க்கப்பட்டது. 2007-ல், வியாபார நோக்கம் இல்லாமல் ரசிகர்கள் இப்படி வீடியோ எடுப்பதற்கான விதிகளையும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

மூடப்பட்ட நிறுவனம்

ஆறு முதல் எட்டு எபிசோடுகளில் முடித்துவிடலாம் என்று பெர்னி பர்ன்ஸ் தொடங்கிய தொடர் இருபது ஆண்டுகளைத் தாண்டியது. நண்பர்களோடு அவர் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய ‘ரூஸ்டர் டீத்’ நிறுவனம், பின்னாளில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் கைக்குப் போனது. 2024 மார்ச்சில் அதை மூடுவதாக அறிவிப்பு வந்தது. கடைசிப் படமான ‘ரெஸ்டோரேஷன்’ அதே ஆண்டு மே மாதம் வெளியானது. இணையதளமும் மூடப்படும் என்று தெரிந்ததும், பழைய வீடியோக்கள் அழிந்துவிடக் கூடாதே என்று ரசிகர்கள் அவற்றைச் சேமிக்க இறங்கினார்கள். 2025-ல் பர்ன்ஸே அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிவிட்டார்.

எங்கிருந்து பார்க்கலாம்?

முதல் ஐந்து சீசன்கள், அதாவது 2003 முதல் 2007 வரை வந்த 100 எபிசோடுகள் ஒரே கதை. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். ஹேலோ விளையாடியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஆனால் கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்வது நல்லது.